கண்ணாடியக்காவின் பன்னிரண்டாவது நாடகம்

அந்தத் தெருவில் அவளைக் கண்ணாடியக்கா என்று சொன்னால்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருட வேலை, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது முப்பத்தெட்டு. குள்ளமான உருவம், வேகமான நடை, காலை கடை திறந்தது முதல் மாலை ஷட்டரை இறக்கும்வரை ஓயாத வாய். கடைக்குள் நுழைந்தால் எதிர்ச்சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகும் எழுத்துப் பலகை, அதற்கு நேராக உயரமான நாற்காலி, பக்கத்தில் சோதனைக் கண்ணாடிகள் வரிசையாகச் செருகிய மரப்பெட்டி. கண்ணைச் சோதிப்பவர் முதலாளி. முகத்துக்குத் தோதான பிரேம் எடுத்துக் கொடுப்பது, காதோரம் வளைத்துச் சரிசெய்வது, குட்டித் திருப்புளியால் கழன்ற ஆணியை முடுக்குவது எல்லாம் அக்காவின் பாடு.

முதல் தடவை கண்ணாடி போடப்போகும் பிள்ளைகள் அழுவார்கள். சாதாரண அழுகை இல்லை, பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும் அழுகை. அப்படி ஒரு நாள் ஏழு வயதுப் பையன் ஒருவன் நாற்காலியின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, ஒரு சிங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கண் சரியாகத் தெரியாத சிங்கம். முயல் என்று நினைத்து ஒரு பாறையை நாள் முழுக்கப் பதுங்கிப் பதுங்கி நெருங்கி, கடைசியில் பாய்ந்து கடித்தும் விட்டது. பையன் அழுகையை நிறுத்தி, "பல்லு போச்சா?" என்று கேட்டான்.

"அதை அடுத்த வாரம் கண்ணாடி வாங்க வருவேல்ல, அப்ப சொல்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, பல் போனதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாரம் முழுக்க அந்தச் சிங்கம் அவளைத் தூங்கவிடவில்லை. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்தாள். பையன் வந்தான், கதையைக் கேட்டான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒரு முறை உறுமிக் காட்டிவிட்டுப் போனான். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரசீதுப் புத்தகம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று முதலாளி மண்டையைக் குடைந்துகொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

விஷயம் நூலகம்வரை போனது. நூலகர் ஓர் இளம்பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உள்ளே இழுக்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த சமயம். "அக்கா, ஒரு நாடகம் எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள். ஒன்று எழுதினாள், அது இரண்டானது, நான்கு வருடத்தில் பதினொன்று. அவள் நாடகத்தில் மரமாக நிற்கிற பிள்ளை கிடையாது. மரம் என்று ஒன்று இருந்தால் அது பேசும், பெரும்பாலும் புலம்பும். எல்லோருக்கும் வசனம் உண்டு. சோர்ந்துபோய் வந்து உட்காரும் பிள்ளை, முடியும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது அவள் வைத்திருந்த ஒரே விதி. முடிவில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள், கெட்டவர்கள் திருந்திவிடுவார்கள். வெட்கமே இல்லாமல் அப்படித்தான் எழுதினாள், பிள்ளைகளும் வெட்கமே இல்லாமல் கைதட்டினார்கள்.

இதற்கெல்லாம் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிள்ளைகளின் வாயிலிருந்துதான். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும், "பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பாள். அவர்கள் கொட்டுவார்கள். ஆனால் எல்லோரையும்விடப் பெரிய சுரங்கம் வீட்டிலேயே இருந்தது. பத்து வயது மகள். ஒரே பிள்ளை. காலையில் தலை வாரும்போது அவள் பேச ஆரம்பித்தால் இரண்டாவது பின்னல் முடியும்வரை நிறுத்த மாட்டாள். யார் யாரோடு சண்டை, எந்த ஆசிரியை வகுப்பிலேயே கொட்டாவி விட்டார், எவன் அழிரப்பரைத் தின்றான், எல்லாம் வந்துவிடும். அக்காவின் நாளில் அந்தக் கால் மணி நேரம்தான் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம். பின்னலை வேண்டுமென்றே அவிழ்த்துத் திரும்பப் போட்ட நாட்களும் உண்டு.

அப்படி ஒரு காலையில் மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். உயிர்த்தோழி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். காரணம் தெரியவில்லை. இடைவேளையில் இவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பிறகு முகம் கழுவி, ஒன்றும் நடக்காததுபோல வகுப்புக்குத் திரும்பிவிடுகிறாள்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"சொல்ல மாட்டேன் கண்ணு."

சொல்லவில்லைதான். எழுதினாள்.

ஒரு குட்டி மேகம். அதன் தோழி மேகம் வேறு மலைக்குப் போய்விடுகிறது. குட்டி மேகம் தண்ணீர்த்தொட்டியின் பின்னால் ஒளிந்து, யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வானத்துக்குத் திரும்புகிறது. அதுதான் பதினொன்றாவது நாடகம். பள்ளிக்கூடம் வானமாகிவிட்டது, கழிவறை தொட்டியாகிவிட்டது, இனி யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். முதல் ஒத்திகையில் காற்றாக நடிக்கவிருந்த அதே தோழி அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, அக்காவின் மகள் பக்கம் திரும்பி, "ஏய், நீயா அழுத?" என்று பதினான்கு பிள்ளைகள் முன்னால் கேட்டாள். அக்கா அப்போது மூலையில் உட்கார்ந்து பஞ்சை ஒட்டி மேகம் செய்துகொண்டிருந்தாள். காதில் விழவே இல்லை.

நாடகம் அமோகமாக நடந்தது. பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நூலகர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அதைவிட வேடிக்கை, திங்கட்கிழமை காலை தோழி தன் பையைத் தூக்கிக்கொண்டு பழைய பெஞ்சுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? அம்மா எழுதினா வேலை செய்யும்!"

மகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வழக்கமாக அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் பறக்கும்.

"அவ என்மேல பாவப்பட்டு வந்தா. எனக்கு அது வேணாம்."

"அப்படியெல்லாம் இருக்காது கண்ணு..."

"நான் உங்கிட்டதான் சொன்னேன். ஊருக்கே சொல்லல."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு தங்கமான பிள்ளை குடிவந்தது. தட்டைத் தானே கழுவியது. போர்வையை மடித்தது. எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்றது. தலை வாரும்போது நேராக உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தது. பின்னல் இரண்டும் நாலே நிமிடத்தில் முடிந்துபோனது.

"பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு."

அமைச்சர்கள் பேட்டி கொடுப்பது போலிருந்தது. அக்கா பயந்தே போனாள். பத்து நாள் பார்த்துவிட்டுக் கணவரிடம் புலம்பினாள். அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர்.

"என்னங்க, அவ எங்கிட்ட பேசவே மாட்டேங்கறா."

"பேசறாளே. மரியாதையா வேற பேசறா."

"அதைத்தான் சொல்றேன்!"

அவர் எண்ணெய்க் கறை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "உங்கிட்ட எதைச் சொன்னாலும் அது மேடையேறிடுது. போன வருஷம் நான் பழுது பார்க்கப் போன லிப்ட்டுல நானே ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் உங்கிட்ட சொன்னேனா?"

"மாட்டிக்கிட்டீங்களா? எப்ப? உள்ள யாரு இருந்தா? என்ன பண்ணீங்க?"

அவர் துணியைக் கீழே வைத்தார். மனைவியின் கண்ணில் தெரிந்த பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அசடு வழிந்தது.

அதற்குள் நூலகத்துக்குப் புதிய அரங்கம் கட்டி முடித்துவிட்டார்கள். ஐந்து வாரத்தில் திறப்பு. மேகம் மாதிரியே மனசைத் தொடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நூலகர் பிடிவாதமாகக் கேட்டாள். அக்கா தலையாட்டிவிட்டு வந்து ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வரி நகரவில்லை. போகட்டும், கடைக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளே ஒரு சிறுமி அம்மாவோடு வந்தாள். அக்கா அவள் மூக்கில் பிரேமை வைத்துப் பார்த்தபடி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். சிறுமி உற்சாகமாக வாயைத் திறந்தாள்.

"பாத்துப் பேசுடி," என்றாள் அவள் அம்மா சிரித்துக்கொண்டே. "அக்கா நாடகத்துல போட்டுடுவாங்க."

சிறுமி படாரென்று வாயை மூடிக்கொண்டாள். போதாததற்கு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள், அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் வலது கை தன்பாட்டுக்குப் பென்சிலை எடுத்து வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு இரண்டு பேருடைய கண்ணாடியைக் கீழே போட்டாள்.

அவளுக்கு நாடகம் முக்கியமில்லை என்று சொன்னால் பொய். எழுதாமல் இருக்க அவளால் முடியாது. ஆனால் அந்தக் காலைப் பேச்சு திரும்ப வராவிட்டால் எழுதி என்ன ஆகப்போகிறது? மகளுக்கு இன்னும் எத்தனையோ வயது வரப்போகிறது, எத்தனையோ கஷ்டம் வரப்போகிறது. அத்தனைக்கும் "எல்லாம் நல்லபடியா நடந்துச்சு" என்றே பதில் வந்தால்? 

மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். "பரவாயில்லம்மா" என்று உடனே பதில் வந்தது. அது அதைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் ஒரு மாலை, கடை காலியாக இருந்த நேரத்தில், அக்கா புது ரசீதுப் புத்தகம் ஒன்றைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். மேகம் இல்லை, சிங்கம் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. எந்த வேஷமும் போடாமல், நடந்ததை நடந்தபடி. தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் அம்மா. அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்க்க முடியாமல் பூந்தொட்டிக்குள் புதைத்த அம்மா. குளிக்கிற மாதிரி குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் உட்கார்ந்து கதைப்புத்தகம் படிக்கும் அம்மா. இரண்டு வாடிக்கையாளர்களின் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒருவர் தலைவலிக்கிறது என்று வந்தபோது, "பழகப் பழகச் சரியாயிடும் சார்" என்று கூசாமல் சொல்லி அனுப்பிய அம்மா. பெற்றோர் கூட்டத்தில் தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்து, ஆசிரியை வேறு யாருடைய பிள்ளையையோ வானளாவப் புகழ, அந்தப் புகழ்ச்சி இனித்ததால் எழுந்திருக்க மனமில்லாமல் அரை மணி நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா. எழுத எழுத அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. உள்ளறையிலிருந்து முதலாளி, "என்னம்மா அங்க சத்தம்?" என்றார். "ஆணி முடுக்கறேன் சார்" என்றாள்.

மகள் சொன்ன ரகசியத்தை வெளியே விட்டதையும் எழுதினாள். என்ன ரகசியம் என்று எழுதவில்லை. கடைசிக் காட்சியில் அம்மா திருந்திவிட்டாள். பழக்கத்தை விட முடியுமா?

அதை மகளிடம் கொடுத்தாள், கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும். "நீ படிச்சுப் பாரு. எதை வேணும்னாலும் அடி. மொத்தமா வேணாம்னா கிழிச்சுப் போட்டுடு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"சரிம்மா" என்று வாங்கிக்கொண்டு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அக்கா வெளியே நின்று துணி மடித்தாள். ஒரே சட்டையை ஐந்து முறை மடித்தாள். முதலில் சத்தமே இல்லை. பிறகு மூக்கால் வரும் ஒரு சிரிப்பு. பிறகு அடக்க முயன்று தோற்ற சிரிப்பு. பூந்தொட்டிக்கு வந்திருப்பாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அடுத்தது கட்டிலில் உருண்டு சிரிக்கும் சத்தம். பெற்றோர் கூட்டம்! அக்கா மடித்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு!

மறுநாள் காலை ரசீதுப் புத்தகம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. பக்கமெல்லாம் சிவப்பு. 'இது ரெண்டு தடவை நடந்தது, ஒரு தடவைன்னு பொய் சொல்லாதே.' 'பாத்திரம் ஒண்ணு இல்ல, மூணு. நான் எண்ணினேன்.' 'இந்த இடத்துல அம்மா கொஞ்சம் குடுகுடுன்னு நடக்கணும்.' கடைசிக் காட்சி முழுவதும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கீழே குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: 'இவங்க ஒரே நாள்ல திருந்தினா யாரும் நம்ப மாட்டாங்க. கடைசி சீன் நான் எழுதறேன். உனக்குக் காட்ட மாட்டேன்.'

அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தாள். மகள் சீப்போடு நின்றிருந்தாள்.

"அம்மாவா யாரு நடிக்கறது?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான். வேற யாருக்கு உன்ன மாதிரி நடக்கத் தெரியும்?"

தலை வாரும்போது அன்றும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் சுவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று திறப்பு விழாவரை இருந்த அந்தச் சில வாரங்களில்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒத்திகைக்கும் அவளை உள்ளே விடவில்லை. நூலகத்து வாசலில் உட்கார்ந்து காகிதத்தில் மூக்குக்கண்ணாடிகள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுப் பெயின்ட் வாசனை, இருநூறு நாற்காலி, நிற்க இடமில்லை. அக்கா முதல் வரிசையில், ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் முதலாளி. திரை விலகியது. மகள் அக்காவின் பழைய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, குடுகுடுவென்று ஓடிவந்து, "என் கண்ணாடி எங்கடி?" என்றாள். அந்த ஒரு வரிக்கே அரங்கம் வெடித்தது. நடை, இடுப்பில் வைத்த கை, பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவுகிற அவசரம், எதையும் விடவில்லை. பாத்திரத்தைப் புதைத்த காட்சியில் கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாடி மாறிய காட்சி வந்ததும் முதலாளி மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் தலைவலிக்காரர்..."

"பழகிட்டார் சார்," என்றாள் அக்கா, முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு.

கடைசிக் காட்சி. மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அம்மாவாக மகள். இன்னொன்றில் மகளாக யார் வந்து உட்கார்ந்தாள் என்று பார்த்தால், அந்தத் தோழி. இருவரும் ஒரு முறை ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதில் பாவப்படுகிற சமாச்சாரம் எதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா எழுதிடுவியா?" என்றாள் மேடைமகள்.

 மேடையம்மா தன் கையைப் பார்த்தாள். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். அரங்கம் சிரித்தது, பிறகு தானாகவே அடங்கியது.

"எழுதணும்னு கை அரிக்கும்," என்றாள், அப்படியே அக்காவின் குரலில். "ஆனா உன்னக் கேக்காம எழுத மாட்டேன்."

"நிஜமாவா?"

 மேடையம்மா எழுந்து, மேடையின் விளிம்புவரை வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜ அம்மாவை நேராகப் பார்த்தாள். "அதை அவங்கதான் சொல்லணும்" என்றாள், இந்த முறை தன் சொந்தக் குரலில்.

இருநூறு தலையும் திரும்பியது. நான்கு வருடமாக எல்லோருக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கணவர் முழங்கையால் இடித்தார். அக்கா எழுந்து நின்றாள். 

"நிஜமா," என்றாள்.  "உன்னக் கேக்காம எழுத மாட்டேன் கண்ணு. தப்புப் பண்ணிட்டேன்."

பிள்ளைகள்தான் முதலில் கைதட்டினார்கள். பெரியவர் ஒருவர் தப்பை ஒத்துக்கொண்டதை அவர்கள் அந்த வயதில் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்? நாற்காலியில் ஏறி நின்று தட்டினார்கள், சீட்டியடித்தார்கள். நூலகர் யாரையும் அதட்டவில்லை. மகள் மேடையிலேயே புடவை தடுக்கி விழப்போய், தோழியைப் பிடித்துக்கொண்டு, இருவருமாகச் சிரித்தபடி உள்ளே ஓடினார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கணவர் நாற்காலி அடுக்க உதவுவதாகச் சொல்லிப் பின்தங்கிக்கொண்டார். அம்மாவும் மகளும் மட்டும் நடந்தார்கள். செருப்புக் கடையைத் தாண்டியிருப்பார்கள்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"ஒண்ணு சொல்லணும். எழுதக் கூடாது."

"எழுத மாட்டேன்."

"அப்பாகிட்டயும் சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

மகள் சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. அன்று கேட்ட கணவருக்கும் தெரியாது, பிறகு எத்தனையோ முறை கேட்ட நூலகருக்கும் தெரியாது. தெருவில் அவர்களைக் கடந்து போனவர்கள் பார்த்ததெல்லாம், ஒரு சின்னப் பெண் கையை ஆட்டி ஆட்டி, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போவதையும், பக்கத்தில் அந்தக் கண்ணாடியக்கா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு போவதையும்தான். வீட்டு வாசல் வந்துவிட்டது. மகள் இன்னும் முடிக்கவில்லை. அக்கா வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் வீட்டைத் தாண்டி நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.